ஒட்டகம் காணாத வேளார்

இம்மாதம் ஒரு மண்பொம்மையைப் பற்றி எழுத விழைகிறேன். பொம்மை என்றவுடன், இது சிறுவர் பகுதிக்கு உரியது என்று பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இக்கதையில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. குருவானவரின் பிழையைப் படிப்பதில் எவருக்கும் சற்றே ஆவல் இருக்கும். ஆகவே பொறுமையோடு படிப்பீர்கள் என நம்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்புக் காலத்தில், ஏரலில் நம் குடும்பம் ஒன்று, தங்கள் இல்லத்துக் குடிலை மந்திரிக்க என்னை அழைத்திருந்தது. வீட்டின் முன்கூடத்தில் வைக்கோல் பரப்பி, பனையோலை வேய்ந்து, அகல் ஏற்றி, குடிலை அழகுற அமைத்திருந்தார்கள். அதில் இருந்த சுரூபங்கள் யாவும் சுட்ட மண்ணால் ஆனவை. ஒரு சாண் உயரத்திற்கு மேற்படாதவை. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்து, செங்காவி நிறம் வெளியே தெரிந்தது. இடையர்களுள் ஒருவன் தலைப்பாகை கட்டி, தோளில் பதநீர்க் கலயம் சுமந்து நின்றான். குழந்தையைக் காண வந்த கிழவி ஒருத்தியின் செவிகளில் பாம்படம் தொங்கியது. மூன்று அரசர்களின் பின்னால் ஒரு விலங்கு நின்றது. முகமும் காலும் குளம்பும் நம் வயற்காட்டுக் காளையினுடையவை. கழுத்து மாத்திரம் இரண்டு மடங்கு நீண்டிருந்தது.

"இது என்ன ஆச்சி, மாடா, ஒட்டகமா?" என்று கேட்டுச் சிரித்தேன். உடனிருந்தோரும் சிரித்தனர். நான் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "இந்தப் பழைய மண்ணை ஏன் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? பட்டணத்தில் பார்க்க லட்சணமான சுரூபங்கள் கிடைக்கின்றனவே" என்றும் சொல்லிவைத்தேன். அந்த இல்லத்து ஆச்சி மறுமொழி கூறவில்லை. சாமியார் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாத தலைமுறை அது. மறு ஆண்டு நான் சென்றபோது, ரோஜா நிறக் கன்னமும் நீலக் கண்ணும் கொண்ட புதிய சுரூபங்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. பழையவை எங்கே என்று நான் கேட்கவில்லை.

நிற்க. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் மாவட்டத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாள் பொழுதில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியது அனைத்தும் ஒரே நாளில் பெய்ததற்கு ஒப்பாகும் அது. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் கடைவீதி நீரில் மூழ்கியது, ஆற்றுப்பாலத்தை ஒட்டிய சாலை அறுத்துக்கொண்டு போனது, ஊர் தீவாயிற்று. வணிகர்கள் பொங்கலுக்கென வாங்கி வைத்த சரக்கெல்லாம் சேறாயின. வெள்ளம் வடிந்தபின் அவ்வூர் சென்றேன். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குச் சில நாட்களே இருந்தன.

அந்த இல்லத்தில் சுவரின் பாதி உயரத்திற்குச் சேற்றுக்கோடு. முற்றத்தில் பாத்திரங்களும் பாயும் பள்ளிப் புத்தகங்களும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் புதிய சுரூபங்கள் குவிந்துகிடந்தன. நாட்கணக்கில் நீரில் ஊறியதால் வண்ணம் தோலைப்போல் உரிந்து, கையும் காலும் இற்று, முகம் இன்னதென்று அறியக்கூடாதவாறு போயிருந்தன. அவற்றின் அருகில், மாடிப்படியின் கீழிருந்து இழுத்துவரப்பட்ட ஒரு தகரப் பெட்டியின் முன்னே ஆச்சி அமர்ந்திருந்தார். பெட்டிக்குள் வண்டல் நிறைந்திருந்தது. அவர் அதற்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். பதநீர்க் கலயம் சுமந்த இடையன் வந்தான். பாம்படக் கிழவி வந்தாள். கடைசியாக, கழுத்து நீண்ட காளையும் வந்தது. ஒன்றிற்கும் ஒரு குறையுமில்லை.

"பழசுதான் சாமி நின்னுது" என்றார் ஆச்சி. குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை, கண்டதைச் சொன்னார். எனினும் அச்சொல் எனக்குத் தைத்தது.

இதில் அற்புதம் ஏதுமில்லை என்பதை இளைஞர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டர் என்னும் சுண்ணக்கலவை, ஜிப்சம் என்ற கனிமத்தைச் சற்றே வறுத்துப் பொடித்தது. நீர் சேர்த்தால் இறுகும், நெடுநேரம் நீரில் கிடந்தால் இளகும். பச்சைக் களிமண் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு மழைக்கே கரைந்துவிடும். ஆனால் அக்களிமண்ணைச் சூளையிலிட்டு, ஏறத்தாழ 600 பாகை வெப்பத்தையும் கடக்கச் சுட்டால், மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறி, அதன் தன்மையே மாறிவிடுகிறது. அதன்பின் அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மீண்டும் சேறாகாது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். அதே தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் இரீ என்பவரும் அகழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சுட்ட தாழிகள் மண்ணுக்குள் இருந்தன. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில், ஒரு பெண்ணும் மானும் முதலையும் கொக்கும் புடைப்புருவமாக ஒட்டப்பட்டிருந்தன. ஏரலுக்கு அண்மையிலுள்ள கொற்கையில் முத்துக் குளித்த கடலே வண்டலால் தூர்ந்து சில கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. ஆனால் நம் முன்னோன் ஒருவன் விரலால் ஒட்டிய கொக்கு அழியவில்லை. அவன் பெயர் மாத்திரம் அழிந்துபோயிற்று.

அன்று இடையனின் சுரூபத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கூடு, சுடும்போது ஆவி வெளியேற அடியில் ஒரு துளை, அதன் அருகே, மண்ணை மூடி அழுத்தியபோது பதிந்த பெருவிரல் ரேகை. எல்லாச் சுரூபங்களிலும் அதே ரேகை இருந்தது. "இவற்றைச் செய்தவர் பெயர் என்ன ஆச்சி?" என்றேன். ஆச்சி நெடுநேரம் யோசித்தார். "வேளார்னுதான் சாமி சொல்லுவோம். பேரு கேட்டதில்லையே" என்றார். அவர் குரலில் சிறு வெட்கம் இருந்தது.

ஆனால் பெயரைத் தவிர மற்றவை யாவும் அவருக்கு நினைவிருந்தன. அவர் மணமாகி வந்த புதிதில், மாமனார் சொற்படி அச்சுரூபங்களைச் செய்துகொண்டு வந்தார் அந்த வேளார். சந்தை நாளில் ஏரலுக்குப் பானை கொண்டுவருபவர். கூலியாக நெல்லும் ஒரு வேட்டியும் பெற்றார். தாம் கிறிஸ்தவரல்லராதலால், யார் யார் வருவார்கள், எப்படி இருப்பார்கள் என்று திண்ணையில் அமர்ந்து கதை முழுவதையும் கேட்டார். ஒட்டகம் என்றால் எப்படியிருக்கும் என்று அவர் வினவ, ஒட்டகத்தைத் தாமும் கண்டிராத மாமனார், "மாட்டைப் போலத்தான், கழுத்து நீளம், முதுகில் திமில்" என்று விளக்கியிருக்கிறார். வேளார் சொன்னபடியே செய்துவிட்டார். நான் சிரித்தேனே, அவ்விலங்கில் பிழை ஏதும் இல்லை! தாம் ஒருபோதும் காணாத ஒன்றை, பிறர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி, அத்தனை கவனத்தோடு வனைந்திருந்தார் அந்த மனிதர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. நம் பங்குகளில் பதிவேடு எழுதுவதில் நாம் தேர்ந்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் திரிதெந்துப் பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கின் பயனாக, மிக எளிய மீனவரின் ஞானஸ்நானமும் திருமணமும்கூட நாள் குறித்து எழுதப்பட்டு வருகின்றன. ஆனால் நாம் முழந்தாளிட்டு வணங்கும் சுரூபங்களைச் செய்தவர் யார் என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

குடிலின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்னும் மலையூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலில் பெத்லகேம் காட்சியை மக்கள் முன் அமைத்தார். வைக்கோலும் உயிருள்ள எருதும் கழுதையும் இருந்தனவேயன்றிச் சுரூபங்கள் இல்லை. நம் வெள்ள ஆண்டாகிய 2023, அதன் 800-ஆம் ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது. ஆலயங்களில் பெரிய சுரூபங்களை வைக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. அவை எளியோர் இல்லங்களுக்குள் நுழைந்த வரலாற்றில் ஒரு பொம்மைக்காரருக்குப் பெரும் பங்குண்டு.

அவர் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுக நகரத்தவர்; ழான் லூயி லாஞ்ஞேல் என்பது பெயர்; 1764 முதல் 1822 வரை வாழ்ந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடிய ஆண்டுகளில் ஆலயங்கள் பூட்டப்பட்டன; பொதுக் குடில்கள் நின்றுபோயின. மக்கள் தம் வீடுகளுக்குள்ளேயே குடில் வைக்க விழைந்தனர். அவர்களுக்கு ஏற்ற விலையில், அச்சில் வார்த்த சிறு களிமண் பொம்மைகளை லாஞ்ஞேல் செய்தார். அவற்றிற்கு அப்பகுதி மக்கள் 'சின்னப் புனிதர்' என்று பொருள்படும் 'சாந்தோன்' என்ற பெயரை வழங்கினர். 1803 முதல் மார்செய் நகரில் இதற்கெனவே ஆண்டுச் சந்தை கூடிவருகிறது. சூசையப்பரும் மரியன்னையும் மட்டுமின்றி, மீன்காரியும் மாவரைப்போனும் கத்தி சாணை பிடிப்போனும் அக்குடிலில் நிற்பார்கள். பாலன் பிறந்தது யூதேயாவில் என்றால், காணச் செல்வோர் மார்செய் வாசிகள்! நம் ஏரல் குடிலில் பதநீர்க் கலயமும் பாம்படமும் நுழைந்தது எவ்வாறோ, அங்கு மீன்கூடை நுழைந்ததும் அவ்வாறே. நம் வேளார் பிரான்சு என்ற பெயரையும் கேட்டிருக்க மாட்டார். எனினும் இருவர் உள்ளமும் ஒரே வழியில் சென்றிருக்கிறது. வேறுபாடு ஒன்றே. லாஞ்ஞேலின் அச்சுகள் பாதுகாக்கப்பட்டன. அவர் பெயர் எழுதப்பட்டது. நம்மவர் பெயர் எழுதப்படவில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு எழுதும் வழக்கம் உண்டு, நம் நாட்டில் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் முற்றிலும் சரியன்று. வங்காளத்தில் நதியா மாவட்டத்தில், ஜலங்கி ஆற்றங்கரையில் கிருஷ்ணநகர் என்ற ஊர் இருக்கிறது. அதன் ஒரு பகுதியாகிய கூர்ணியில் மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 'பால்' என்பது அவர்கள் குலப்பெயர். 18-ஆம் நூற்றாண்டில் அரசர் கிருஷ்ணசந்திரர் இக்கலையைப் போற்றினார் என்பர். மனிதரை உள்ளபடியே, வேட்டி மடிப்பும் நரம்புப் புடைப்பும் தோன்றச் செய்வது அவர்கள் திறன். 1851-இல் லண்டனில் கூடிய உலகப் பெருங்கண்காட்சிக்கே அவர்கள் பொம்மைகள் கப்பலேறின.

அவர்களுள் இராக்கால் சந்திர பால் என்பவர், 1886-இல் லண்டனில் நடந்த காலனி-இந்தியக் கண்காட்சிக்காக அவுரித் தொழிற்சாலை ஒன்றை முழுவதும் சிற்றுருவாகச் செய்து அனுப்பினார். செடியைத் தொட்டியில் ஊறவைத்து, தொழிலாளர் நீரில் நின்று அடித்துக் கலக்கி, காய்ச்சி, பிழிந்து, கட்டியாக வெட்டி உலர்த்தி நீலச்சாயம் எடுக்கும் வேலை முழுவதையும் சின்னஞ்சிறு மனித உருவங்கள் அதில் செய்துகொண்டிருக்கும். இதே நதியா மாவட்டத்தில்தான் 1859-இல், அவுரி பயிரிடுமாறு வற்புறுத்திய வெள்ளைத் தோட்டக்காரர்களுக்கு எதிராகக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சாட்டையடியும் கண்ணீரும் கண்ட மண்ணிலிருந்தே அம்மண் உருவங்கள் பிறந்தன. லண்டனை அடுத்த கியூ தாவரவியல் பூங்காவின் சேகரிப்பில் அது இன்றும் உள்ளது. அதைச் செய்தவர் பெயரும் அதனுடன் உள்ளது.

அப்பெயர்கள் பிழைத்ததற்குக் காரணம், எழுதிவைக்க ஒருவர் இருந்தார் என்பதே. திரைலோக்கியநாத் முகர்ஜி என்ற வங்காள அறிஞர், அரசுப் பணியில் இருந்துகொண்டு இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1888-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். மண்பொம்மைகளைப் பற்றிக் கூறுமிடத்தில், 'வங்காளக் குயவர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், ஜதுநாத் பால் முதலிய கலைஞர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். அந்தச் சில வரிகளால் சில மனிதர்கள் மறதியினின்று காக்கப்பட்டார்கள். ஒருவர் பெயரை எழுத ஆகும் மை எவ்வளவு? ஒரு துளி. அதை எழுதாமல் விட்டால் பின்னர் எத்தனை ஆய்வாளர் சேர்ந்தாலும் அதை மீட்டெடுப்பது அரிது.

நம் தமிழகத்திலும் நிலைமை சிறிது சிறிதாக மாறிவருகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுவையை அடுத்த வில்லியனூரின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மதுரை திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளைச் செய்து முடித்த அதே கைகள், அடுத்து நம் குடில் சுரூபங்களைச் செய்யத் தொடங்குகின்றன. டிசம்பரில் நம் இல்லங்களில் விளங்கும் சூசையப்பர் பலர், விளாச்சேரி வீட்டு முற்றங்களில் வெயில் காய்ந்தவர்களே.

இவ்விடத்தில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேளார் தம் பெயரைப் பொறிக்காமைக்கு நம் அலட்சியம் மட்டுமே காரணமன்று. மதுரைப் பகுதி வேளார்களைப் பற்றி ஆராய்ந்து 1984-இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய கனடா நாட்டவர் ஸ்டீபன் இங்கிலிஸ், அவர்கள் வனைவோராக மட்டுமன்றி, தாம் வனைந்த உருவத்தைத் திருநிலைப்படுத்தும் பூசாரிகளாகவும் விளங்குவதை விரித்துக் காட்டினார். ஐயனாருக்குப் புரவி எடுக்க விழையும் ஊரார் முதலில் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பர். பிடிமண் என்பது அதன் பெயர். அவர் குதிரை செய்து, சுட்டு, விழாவன்று கண் திறப்பார். கண் திறந்தபின் அது அவருடையதன்று. பழைய குதிரைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாகும். மறுமுறை புதியவை வரும். செய்தவர் பெயரைச் சொல்லிக்கொள்வது அவ்வழக்கில் பொருந்தாது. இதில் உள்ள பணிவு நம் துறவிகளுக்கும் பாடமாகத் தகுந்தது.

ஆயினும், ஒருவர் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளாதிருப்பது பணிவு; அவரிடம் வாங்கியவர் அவர் பெயரைக் கேளாதிருப்பது பணிவாகுமா? அது வேறு. முன்னது அவருடைய குணம். பின்னது நம்முடைய குறை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

இந்த எண்ணம் உறுத்தியதால், அந்த ஆண்டு பொங்கலுக்குப் பின் தேடலைத் தொடங்கினேன். இடையன் சுரூபத்தை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஏரல் கடைவீதியில் பானை விற்ற முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதைத் தட்டி ஓசையைக் கேட்டார். திருப்பி அடியைப் பார்த்தார். "நாங்க துளையை நடுவுல போடுவோம் ஐயா. இது ஓரத்துல இருக்கு. அக்கரையில ஒரு வீட்டுக்காரங்கதான் இப்படிப் போடுவாங்க" என்று ஊரின் பெயரையும் சொன்னார். நூலகத்திலும் பதிவேட்டிலும் கிடைக்காத விடை, ஒரு துளையின் இருப்பிடத்தில் கிடைத்துவிட்டது!

அவ்வூரில் அவருடைய பேரன் இருக்கிறார். அறுபதை எட்டிய வயது. சரக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறார். சூளை அணைந்து முப்பது ஆண்டுகளாகின்றன என்றார். தாத்தாவின் அச்சுகள் எங்கே என்று ஆவலோடு கேட்டேன். வீட்டைக் காரைக் கட்டடமாக எடுத்துக் கட்டியபோது, அடித்தளத்திற்குப் போதிய கல் கிடைக்காமல், அச்சுகளையும் போட்டு நிரப்பிவிட்டதாகச் சொல்லித் தலைகுனிந்தார். தேவதூதரின் அச்சும் அரசர்களின் அச்சும் அவ்வீட்டின் கீழே உறங்குகின்றன. அவரை நான் குறை சொல்ல முடியுமா? பட்டணத்துச் சுரூபமே அழகு என்று ஊர் ஊராகச் சொல்லி அச்சூளையை அணைத்தவர்களுள் நானும் ஒருவனாயிற்றே.

இடையன் சுரூபத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தம் பெருவிரலை அடியிலிருந்த ரேகையின்மேல் வைத்துப் பார்த்தார். பின்பு ஒன்று சொன்னார். கிறிஸ்துமஸ் இரவுகளில் தாத்தா இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஏரலுக்கு வந்து, அந்த வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று குடிலைக் காட்டுவாராம். "உள்ள வான்னு கூப்பிடலையா?" என்று நான் கேட்டேன். "அவுக கூப்பிட்டிருப்பாக. இவரு போய்ச் சொல்லியிருந்தாத்தானே தெரியும்" என்றார். ஒரு குறையாக அதை அவர் கூறவில்லை. நான்தான் குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

வேளாரின் பெயரை அவரிடம் கேட்டறிந்தேன். இப்பகுதியில் அச்சிடலாமா என்றும் அனுமதி வேண்டினேன். "பத்திரிகையில எதுக்கு ஐயா? பொம்மைக்கு அடியில இருந்தாப் போதும்" என்றார். ஆகவே அதை இங்கு எழுதவில்லை. ஏரலில் அந்த ஆச்சி, தம் பேத்தியைக்கொண்டு அழியா மையில் ஒவ்வொரு சுரூபத்தின் அடியிலும் அப்பெயரை எழுதச் செய்துவிட்டார். அடுத்து வந்த கிறிஸ்து பிறப்பு இரவில் அந்தப் பேரனும் அவர் மனைவி மக்களும் அவ்வில்லத்தின் உள்ளே, குடிலின் முன்னே, பாயில் அமர்ந்து உண்டார்கள். நான் அன்று குடிலை மந்திரித்தேன். ஒட்டகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அன்பார்ந்த இல்லத்தாரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பொருள்கள் இருக்கும். பாட்டனார் காலத்துத் தொட்டில், மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டி, மரத்தில் கடைந்த பாடுபட்ட சுரூபம், அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான், ஏதேனும் ஒன்று இருக்கும். வரும் ஞாயிறன்று பிள்ளைகளுடன் அமர்ந்து அதைக் கையில் எடுங்கள். முதலில் திருப்பி அடியைப் பாருங்கள். செய்தவர் கைக்குறி பெரும்பாலும் அங்குதான் இருக்கும். அடுத்து, வீட்டின் மூத்தோரிடம் கேளுங்கள்: யார் செய்தார், எந்த ஊர், என்ன கூலி, எப்படிப்பட்ட மனிதர்? அவர்களுக்குப் பெயர் நினைவில்லாவிட்டாலும் பெயருக்கு வழிகாட்டும் ஏதேனும் ஒன்று நினைவிருக்கும். மூன்றாவதாக, கேட்டதை அன்றே எழுதுங்கள். நாளை என்று தள்ளினால் பாட்டியும் இருக்கமாட்டார், நினைவும் இராது. குடும்ப விவிலியத்தின் முதல் ஏட்டில் பிறப்பையும் திருமணத்தையும் எழுதும் நாம், அதன் கீழே இதற்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

இனிப் புதிதாக ஒன்று வாங்கும்போது, விலை கேட்பதற்கு முன் செய்தவர் பெயரைக் கேளுங்கள். விளாச்சேரிக்கோ வேறெங்கோ செல்ல நேர்ந்தால், சூளையடியில் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். பேரம் பேசுமுன், அச்சில் எடுத்து, நிழலில் உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டும் அத்தனை நாள் உழைப்பையும், மழை பெய்தால் அத்தனையும் வீணாகும் அவர்தம் அச்சத்தையும் எண்ணிப் பாருங்கள்.

ஏரலில் அந்த வெள்ளத்தின் சேற்றுக்கோட்டை அவ்வீட்டார் ஒரு சுவரில் மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அச்சுவரின் கீழேதான் இப்போது குடில் அமைக்கிறார்கள். பாலனுக்கு வலப்புறம் பதநீர்க் கலயத்தோடு இடையன். இடப்புறம் பாம்படக் கிழவி. பின்னால், கழுத்து நீண்ட நம் காளை. அதைக் கண்டு சிரிக்கும் சிறுவர்களிடம் ஆச்சி சொல்கிறாராம்: "அது ஒட்டகந்தான். கேட்டுச் செஞ்சது." சொல்லிவிட்டு, அதைத் திருப்பி அடியில் எழுதியுள்ள பெயரையும் உரக்கப் படிக்கச் சொல்கிறாராம்.